கடைசியாகக் கேட்ட திகதி

ஊர்காவற்றுறை,
19.03.2009

அன்பு மகள் மேரிசுகந்திக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகனும் சின்னவனும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். நீ அனுப்பிய சீடியும் கடிதமும் மாசி நடுவில் வந்தன, உறையை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டியிருந்தார்கள், பாட்டுப் போடுகிற மென்பொருளில் அவர்களுக்கு என்ன அகப்பட்டதோ தெரியாது. கடலுக்கு விடிந்த பிறகுதான் நேவிக்காரர் விடுகிறார்கள், இருட்ட முன் கரைக்கு வந்துவிட வேண்டும், அவர்கள் தருகிற பாஸைப் பார்த்தா மீன் வலைக்குள் வரும்? வன்னியில் இருக்கிற மாமி வீட்டாரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, நீயும் அங்கே யாரிடமும் விசாரித்துக்கொண்டிருக்காதே.

நீ அனுப்பிய மூன்று பிளேயரையும் நீ எழுதித் தந்தபடியே தம்பியின் கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தம்பி றொபேட் விண்டோசை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டபோது வைரஸ் வராது, எது பழுதானாலும் நான் இருக்கிறேன்தானே என்றான், அந்தத் துணிவில்தான் நானும் தலையாட்டினேன், இன்று இந்தத் தீவில் கேட்க ஒருவரும் இல்லை. முதலாவது பிளேயர் திறந்தவுடனே இன்டர்நெட்டைத் தேடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது தம்பியின் பாட்டுப் பட்டியலை முழுதாக எடுத்துக்கொண்டது, ஆனால் எல்லாப் பாட்டையும் ஒருதரமும் கேட்காத பாட்டு என்று காட்டியது. மூன்றாவது, அந்தச் செம்மஞ்சள் கூம்புப் படம் போட்டது, கொடுத்ததைப் பாடுகிறது, எங்கும் ஒன்றும் எழுதுவதில்லை. எங்களுக்கு இதுதான் என்று முடிவெடுத்தேன். எங்கும் எழுதாமல் பாடுகிற ஒன்று வேண்டும் என்றுதானே நீ இவற்றை அனுப்பினாய். தம்பியின் பழைய பிளேயர் ஒரு பாட்டைக் கடைசியாக எப்போது கேட்டது என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பாலன் பிறப்பு நத்தார்ப் பாட்டுப் பயிற்சியில் அவனே பாடிப் பதிந்த அந்தப் பாட்டுக்கு நேரே 14.06.2007, காலை 6.10 என்று இருந்தது. அதைக் கேட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறியவன்தான், இன்னும் வரவில்லை. இருபது மாதமாக அம்மா பின்னேரத்தில் அந்தக் கதிரையில் இருந்து அந்த வரியைப் பார்ப்பாள், பாட்டை அமத்திப் போட மாட்டாள், போட்டால் திகதி மாறிவிடும் என்று என்னையும் தொட விடவில்லை. மகனின் குரல் வீட்டுக்குள்ளேயே இருக்க அதைக் கேட்க முடியாமல் இருந்த எங்கள் கொடுமையை யாருக்குச் சொல்ல.

மாசி 24, செவ்வாய்க்கிழமை. அம்மா அந்தோனியார் கோயில் பூசைக்குப் போய்விட்டாள், நான் கடலுக்குப் போனவன் காற்று மாறியதால் அரைவழியில் திரும்பி வந்தேன். ஒருவரும் இல்லாத நேரம், கூம்பில் போட்டுக் கேட்போம் என்று பாட்டின் மேல் இரண்டுதரம் தட்டினேன். அது பழைய பிளேயரிலேயே திறந்துகொண்டது. உடனே நிறுத்தியிருந்தால் திகதி மாறியிராது, அது எனக்குத் தெரியும் மகள். ஆனால் அவன் பாடத் தொடங்கிவிட்டான். நடுவில் இருமுகிறான், சிரித்துக்கொண்டு திருப்பி எடுப்பம் என்கிறான், பிறகும் பாடுகிறான். நான் நிறுத்தவில்லை, கடைசிவரை கேட்டேன். முடிந்ததும் பார்த்தால் அவனுடைய திகதி போய் என்னுடைய திகதி நின்றது. வீட்டில் இருக்கப் பயந்து கரைக்குப் போய், மத்தியானம்வரை கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

வழக்கத்துக்கு மாறாக அன்று மத்தியானமே அம்மா அதைப் பார்த்துவிட்டாள். நான் பேச்சு வாங்க ஆயத்தமாகத்தான் உள்ளே வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "இஞ்சேருங்கோ, பிள்ளை வந்திட்டுப் போயிருக்கிறான். நாங்கள் ரெண்டு பேரும் இல்லாத நேரம் பாத்து வந்து, தன்ரை பாட்டைக் கேட்டிட்டுப் போயிருக்கிறான். நிண்டால் பிடிச்சுப்போடுவாங்கள் எண்டு பயம்." அன்று குசினியில் கறி வைத்து, இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து எவ்வளவு காலம்.

அடுத்த செவ்வாய் என்னையும் வீட்டில் நிற்க விடவில்லை, கூச்சப்படுவான் என்று பின்கதவைப் பூட்டாமல் என்னையும் பூசைக்கு இழுத்துப்போனாள். வந்து பார்த்தால் திகதி மாறவில்லை, அவளுக்கு மூன்று நாள் வெறும் பச்சைத்தண்ணீர்தான். அதற்கு அடுத்த செவ்வாய் கோயில் வாசலில் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்து, நானே பாட்டைப் போட்டேன். நேற்று முன்தினம் செவ்வாயும் திரும்பி வந்தேன். மேசையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி மூடி வைத்திருந்தாள், அவனுக்குப் போடுகிற அளவு சீனி. அவன் பாடிக்கொண்டிருக்க நான் அதைக் குடித்தேன். அம்மா வந்து வெறுங்கோப்பையைக் கண்டு, அதைக் கழுவாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

இப்போது நீதான் சொல்ல வேண்டும். பழைய பிளேயரை எடுத்துவிட்டுக் கூம்பை மட்டும் வைத்தால் திகதி இனி மாறாது, மகன் வருகிறதும் நின்றுவிடும், அவள் சாப்பாடும் நின்றுவிடும். அதை அப்படியே விட்டால் செவ்வாய்க்குச் செவ்வாய் நான் என் பிள்ளையாக நடிக்க வேண்டும். உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டுதரம் வாயெடுத்தேன், அவனை நானே கொல்லப் போகிறேன் போல் இருந்தது. உனக்குப் பாரம் ஏற்றுவதற்கு மன்னித்துக்கொள், எனக்கு வேறு யார்.

பரிசுத்த மாதா உங்கள் மூவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், சின்னவனுக்கு நெற்றியில் என் சிலுவை அடையாளம் போட்டுவிடு. பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு எழுது, வீட்டுக்கு வருகிற கடிதத்தை அம்மாதான் பிரிப்பாள். இனி நீ ரெலிபோன் எடுக்கிறபோது தம்பி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான் என்று அவள் சொல்லுவாள். அழுதுவிடாதே மகள். சீனி போதுமாக இருந்ததா என்று கேள்.

உன் அப்பா,
சூ. அருளப்பு