மூன்றாவது படி

ஜூன் 4

செத்துப்போன அத்தைக்கு,

பயப்படாதீர்கள், நான் உயிரோடுதான் இருக்கிறேன். உங்கள் அண்ணன் மகள், வயது பதினான்கு. அப்பாவின் தையல் மெஷின் இழுப்பறையில் ஊசி திருடப் போனேன் (வகுப்பில் ஒரு நாற்காலிக்குச் சின்ன வேலை இருந்தது). காகிதத்துக்கு அடியில் ஒரு கடிதம். "அண்ணா, நலமா?" என்று போன மாதம் நீங்கள் எழுதியது. நான் பிறக்கும் முன்பே நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாக அல்லவா அப்பா சொல்லியிருக்கிறார்! பூட்டிய மாடி அறையில் உலாவுவது நீங்கள்தான் என்று மிரட்டித்தான் அம்மா எனக்குச் சோறு ஊட்டினாள்.

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடுங்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா உங்களை இன்னொரு தடவை சாகடித்துவிடுவார்.

பேய்க்கு அஞ்சாத
மருமகள்

ஜூன் 10

என் வாலு மருமகளுக்கு,

பேய் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிப் பட்டறையில் செருப்புத் தைக்கிறேன், மரத்துப்போன பாதங்களுக்கு, மெத்தென்ற அடி வைத்து. எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை, தொழுநோய். பதினாறு வயதில். பதினொரு மாதம் அந்த மாடி அறையில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு மூன்றாவது படி வரைதான் வரும். நான் தரையில் மூன்று முறை தட்டுவேன். கீழிருந்து உன் அப்பா துடைப்பக்கட்டையால் பதிலுக்குத் தட்டுவான். ஒருநாள் தட்டவில்லை. அப்புறம் தட்டவே இல்லை.

அப்புறம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். முழுக்கக் குணமாகி வீட்டுக்கு வந்தேன். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "நீ செத்துட்டன்னு சொல்லிட்டோம்மா," என்றான், வாசலை மறித்துக்கொண்டு. திரும்பிவிட்டேன். இடக்கையில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். ஊசி பிடிக்க மற்றவை போதும்.

உன் அத்தை

ஜூன் 16

உயிருள்ள அத்தைக்கு,

சாப்பிடும்போது, "அத்தை எந்த மாசம் செத்தாங்கப்பா?" என்று கேட்டேன். அப்பாவுக்குப் புரையேறி இருமலாக வந்தது. மாசம் மட்டும் வரவில்லை. அவர் தைத்த சட்டையைப் போடவே எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

வகுப்பில் நான்தான் மந்திரவாதி, தெரியுமா? முழங்கைக்குக் கீழே வெளிறின தேமல் ஒன்று. அதில் குண்டூசி குத்தினால் வலிக்கவே வலிக்காது! கடைசி பெஞ்சுத் தடியன் பார்த்துவிட்டு மயங்கியே விழுந்தான். வீரம் நம் குடும்பச் சொத்தா அத்தை?

மந்திரவாதி மருமகள்

ஜூன் 20

கண்ணே,

அந்த வித்தையை இனிமேல் காட்டாதே. நானும் காட்டினேன், தீக்குச்சி வைத்து. தெருப்பிள்ளைகள் கைதட்டினார்கள். அது வீரம் இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த இடத்தைக் காட்டு. மாத்திரை இலவசம். இப்போதே சாப்பிட்டால் விரல் மடங்காது, யாருக்கும் ஒட்டாது, பள்ளிக்கூடமும் நிற்காது. இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடு. நான் சொல்பேச்சு கேட்டு அந்தப் படி ஏறினேன். நீ ஏறாதே.

அத்தை

ஜூலை 1

அத்தை,

கடிதத்தைக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. ஊசி வித்தையை மட்டும் அப்பா முன்னால் ஒரு தடவை காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா சொன்னதும் நீங்கள் சொன்னதேதான். ஆறு மாதம் மாத்திரை. "ஸ்கூலுக்குப் போ, எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடு, டீச்சரை மட்டும் படுத்தாத," என்றார். அப்பா நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் மாடிப் பூட்டைத் திறந்தார்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

தெருவுக்குச் சொன்ன கதைப்படி நான் விடுதியில் படிக்கிறேன். சாகவில்லை, உங்களைவிட நான் பரவாயில்லை.

ஏறமாட்டேன் என்று கத்தினேன். அம்மா அழுதாள். ஏறிவிட்டேன் அத்தை, திட்டாதீர்கள்.

ஜன்னலோரம் தரையில் ஒரு சின்னக் குழி. நீங்கள் தட்டின இடமா? நானும் மூன்று முறை தட்டினேன். கீழே தையல் மெஷின் நின்றது. பதில் இல்லை. நாலு நாளாகத் தட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் மெஷின் மட்டும் நிற்கிறது.

உங்கள் கடிதங்களோடு இதையும் மூன்றாவது படியில், தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். அப்பா தபாலில் போட்டால் உங்களுக்கு வரும். போடாவிட்டால், இந்த வீட்டில் இனிமேல் உலாவப்போவது நான்தான்.

மருமகள்

தங்கச்சி,

இருபது வருஷமா நீ தட்டுற சத்தம் எனக்கு நின்னதே இல்ல. பிள்ளையைக் கீழ கூட்டிட்டு வந்துட்டேன். எங்க கூடத்தான் உட்கார்ந்து சாப்பிடுறா, என் முகத்தைப் பார்க்காம. நீ செத்துட்டன்னு சொன்ன இதே வாயால, நீ உயிரோட இருக்கன்னு தெருவுக்கு நானே சொல்லிக்கிறேன். வா. வாசல் வழியாவே வா.

அண்ணன்