இசக்கிக்கு வந்த காய்ச்சல்

ஜூலை 21, திங்கள்
விடாத மழை. தோல்பை பட்டறை பூட்டு. இசக்கி இன்றும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதாம்.

வாங்க: துண்டு, சீப்பு, மகள் கீதாவுக்குச் சாப்பாடு (நேற்று வெறும் வடாபாவ்).

தப்பு என்னுடையது. போன வருஷம் எனக்கு வந்தபோது மிஞ்சிய மாத்திரை நாலு, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றதும் அதைக் கொடுத்தேன். தாராவியில் எந்த வீட்டில்தான் இந்தப் பழக்கம் இல்லை? சூடு தணிந்தது. ரத்தம் சோதிக்கவில்லை. நாலாம் நாள் வலிப்பு.

ஜூலை 22, செவ்வாய்
டாக்டர் இந்தியில் சொன்னதைக் கீதா விளக்கினாள். கிருமி புகுந்த ரத்த அணுக்கள் மூளையின் சின்னக் குழாய்களில் ஒட்டி அடைக்கின்றன. எதிர்க்க வரும் உடம்பின் காவல் அணுக்களும் அங்கேயே குவிகின்றன. அந்தச் சண்டையில் குழாயே புண்ணாகி, மூளை வீங்குகிறது.

"காப்பாத்த வந்தவங்களே வீட்ட ஒடைக்கிற மாதிரிப்பா."

எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று தெரியவில்லை. முன்னே பல தடவை வந்ததே, உடம்புக்குப் பழகியிருக்காதா என்று கேட்கச் சொன்னேன். எப்போதோ வந்துபோனதை நம்ப முடியாதாம்.

கல்யாணமான முதல் மழை ஞாபகம். இருவருக்கும் ஒரே நேரத்தில் குளிர்காய்ச்சல். வீட்டில் ஒரே கம்பளி. நான் இழுக்க, அவள் இழுக்க, நடுங்கிக்கொண்டே சிரித்தோம். தேறியதும் மாட்டுங்காவுக்கு நடந்தே போய் ரசவடை. இரண்டு பிளேட் அவளே. அந்த ருசி பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்
மழை இல்லை. காலை 11 மணிக்குக் கண் திறந்தாள். கீதா அழுதாள். இசக்கியின் பார்வை என்மேல் நிற்கவில்லை. உயிருக்குப் பயமில்லை, நினைவு எவ்வளவு திரும்பும் என்று பார்க்கணும் என்றார் டா.

பக்கத்துக் கட்டிலில் கிசுகிசு: "பாவம், ஆளு தெரியல போல."

ஜூலை 25, வெள்ளி
டா. கேட்கச் சொன்னதைக் கீதா தமிழில் கேட்டாள். இது எந்த ஊர்? பம்பாய். எத்தனை பிள்ளை? ஒரு விரல் காட்டினாள். பிறகு என்னைக் காட்டி, இது யாரு என்றாள் கீதா.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தங்கராசு."

சரியா என்று டா. கேட்டார். சரி என்றேன். திருப்தியாக எழுதிக்கொண்டார். கீதா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள்.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். ரேஷன் ஆபீசில்கூடக் கீதாவை விட்டுத்தான் சொல்லவைப்பாள். இருபத்தாறு வருஷத்தில் என் பெயரை அவள் வாயால் இன்றுதான் கேட்கிறேன். குணமாகிவிட்டாளா, இன்னும் முழுசாக வரவில்லையா, யாரிடம் கேட்பது? இன்னொரு தடவை சொல்லச் சொல்ல ஆசை. பயமாகவும் இருக்கிறது.