பெயர் ஒட்டாத ஜாடி

என் தங்கைக்கு,

லிஸ்பன் முழுக்க மேடும் படியும்தான். நேற்று கோட்டைக்கு ஏறி இறங்கியதிலிருந்து முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறது. ஹாஸ்டலில் எட்டுப் பேர் படுக்கும் அறை. இந்த வயதில் எனக்குக் கிடைத்தது அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு.

நான் விற்கச் சொன்ன அம்மா வீட்டைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

நான் கிளம்பும்போது நீ என்னிடம் பேசவில்லை. ஆனால் முதுகுப்பையின் அடியில், என் கம்பளிக் காலுறைக்குள், நீ காய்ச்சிய பிளம் ஜாம் இருந்தது. இருந்த கோபத்தில் அதைத் திறக்கவில்லை. சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டேன். பெயர் எழுதி ஒட்டாத சாப்பாடு எல்லோருக்கும் பொது என்பது இங்கே வழக்கமாம்.

இன்று காலை பார்த்தால், என் அறைப் பிள்ளைகள் ஜாடியைச் சுற்றி ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“உங்களுதா? பேரே ஒட்டலையே நீங்க,” என்றான் அயர்லாந்துக்காரன் கோர்மக். முகம் சிவந்துவிட்டது அவனுக்கு.

ஹாஸ்டல் வரவேற்பில் சாவி கொடுக்கும் கிராசா விரலை நக்கிக்கொண்டே, “கடையில இப்படிக் கெடைக்காது. யாரு செஞ்சது?” என்றாள்.

“என் தங்கச்சி.”

சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

“அப்போ கடைசி வாய் உங்களுக்குத்தான்,” என்று கோர்மக் ஜாடியை வழித்து, ரொட்டியில் தடவி நீட்டினான். சாப்பிட்டேன். அம்மா காய்ச்சும் ஜாமின் அதே ருசி. நன்றி.

ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் கொல்லைப் பிளம் மரம் பழுக்கும்போது ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். வீட்டை வாங்க வருகிறவரிடம், விற்பதாக இல்லை என்று சொல்லிவிடு.

உன் அக்கா