லாக் நட்டில் ஒரு சிவப்புக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

மன்னித்துக்கொள் நோட்டே, இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு. மணி பன்னிரண்டே முக்கால். குட்டி இப்போதுதான் கண் மூடினாள். அவள் தூங்கினால்தான் எனக்குக் கை ஒழியும். அவருக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். ஆலைக்குள் போகும்போதே போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். காலை ஆறு மணிவரை எனக்குப் பேச்சுத்துணை நீதான்.

சாயங்காலம் குட்டியின் பந்து காருக்கடியில் உருண்டுவிட்டது. எடுக்கக் குனிந்தபோது பின் டயரைப் பார்த்தேன். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. உள்பக்கம் சுத்த வழுக்கை. பந்து போகாவிட்டால் பார்த்தே இருக்க மாட்டேன்.

கிளம்பும்போது கேட்டேன். "அதெல்லாம் தெரியும்மா. பார்ட் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

தெரியுமாம். எப்போதிலிருந்து? ஏன் சொல்லவில்லை? "நீ பயப்படுவேன்னுதான்" என்பார். நான் பயப்படக் கூடாது என்று இன்னும் என்னென்ன மறைத்து வைத்திருக்கிறாரோ.

மார்ச் 5, வியாழன்

சோறு முன்னால் இருக்க, அரை மணி நேரம் பாடம் எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. அழகுக்காக ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருக்கிறார். தாழ்த்தியதில் பின்சக்கரங்களின் மேல்பாகம் உள்ளே சாய்ந்துவிட்டது. அதனால் உள்விளிம்பு மட்டும் ரோட்டில் தேய்கிறது. சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் ஆர்மைக் கழற்றிவிட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆர்ம் போட்டால் நிமிர்த்திவிடலாமாம்.

போனில் இரண்டு காட்டினார். ஒன்றின் முனையில் ரப்பர். இன்னொன்றில் இரும்பு உருண்டை.

"ரப்பர்னா சத்தம் வராது, வளைவுல கொஞ்சம் இளகும். இந்த உருண்டையப் பாரு, ரோடு அப்படியே கையில தெரியும்."

"ரோடு கையில தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? பின்னாடி குழந்தை தூங்குறா."

"சரி, ரப்பரே போட்டுடலாம்."

அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. அவர் ஒரு விஷயத்துக்கு உடனே சரி சொன்னால் உள்ளே வேறு கணக்கு ஓடுகிறது என்று அர்த்தம். நான்கு வருஷ அனுபவம்.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தாள். அவளுடைய புது வீட்டுக்கு நாங்கள் 29ஆம் தேதி போகிறோம், நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம். "அந்தக் காருலயா வரீங்க? அண்ணி, அண்ணன் முதல்ல கட்டிக்கிட்டது அதைத்தான். நீங்க ரெண்டாம் தாரம்." நானும் சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

மார்ச் 12, வியாழன்

பார்சல் வந்தது. பெட்டியை ஒருமுறை பிரித்து மறுபடி டேப் ஒட்டியிருந்தார். "காட்டுங்களேன்" என்றேன். "கிரீஸ் ஒட்டும், மாட்டினப்புறம் பாரு" என்று அப்படியே நண்பர் ஸ்பேனரின் ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்பேனர் என்பது பட்டப்பெயர். சாப்பிடும்போதுகூடப் பின்பாக்கெட்டில் ஒன்று இருக்கும்.

புதுப் பொருளில் ஏது கிரீஸ்?

மார்ச் 14, சனி

மாட்டியாகிவிட்டதாம். குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. காரைத் தாழ்த்தியதே நான் பார்க்கக் கூடாதென்றுதான் போல.

மார்ச் 16, திங்கள்

அவர் ஷிஃப்ட் முடிந்து தூங்கியதால் சக்கரத்தின் சாய்வை அளந்து சரிசெய்யும் அலைன்மெண்ட் கடைக்கு நானே கொண்டுபோனேன். ஒன்றரை மணி நேரம். உட்கார நாற்காலி இல்லை. குட்டி நாப்கின் நனைத்து, பாட்டிலைத் தட்டிவிட்டு, ஊரைக் கூட்டினாள். இன்னும் பத்து நிமிஷம் என்றார் கடை அண்ணன். பத்து நிமிஷம் என்னிடம் இல்லை. கிளம்பிவிட்டோம். மெஷின் தாளில் எல்லா எண்ணும் பச்சை. தலைவலி.

மார்ச் 19, வியாழன்

டொக்.

குட்டியை விடும் க்ரெஷ் முனையில் திரும்பும்போது, பின்னால், குட்டியின் சீட்டுக்குக் கீழே. ஒரே ஒரு தடவை. கற்பனையா?

மார்ச் 20, வெள்ளி

கற்பனை இல்லை. போகும்போது இரண்டு, வரும்போது மூன்று. அவரிடம் சொன்னேன். "புது பார்ட், செட்டாகக் கொஞ்ச நாளாகும்." தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

ரப்பர் என்றால் சத்தம் வராது என்று சொன்னது யார்? இவர்தானே? அப்படியென்றால் உள்ளே இருப்பது ரப்பரே இல்லை. என்னிடம் தலையாட்டிவிட்டு இரும்பு உருண்டையை மாட்டியிருக்கிறார். அதற்குத்தான் பெட்டியைக் காட்டவில்லை, அதற்குத்தான் கிரீஸ் கதை. இவரும் ஸ்பேனரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டாங்க.

மார்ச் 22, ஞாயிறு

அவர் தூங்கும்போது தரையில் பாய் விரித்துப் படுத்து, பம்பருக்கடியில் போனை நுழைத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, பூனையா?" என்றார். ஆமாம் என்றேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு வளையம். ரப்பர். அடுத்த பக்கமும் ரப்பர். அவர் சொன்ன சொல் தவறவில்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அப்படியானால் அந்த டொக் எது?

ஆர்மின் நீளத்தை வைத்தபிறகு அது திரும்பாமல் பிடித்துக்கொள்ள இரண்டு முனையிலும் லாக் நட் இருக்கிறது. ஒரு வீடியோவில் மெக்கானிக் ஒருவர் நட்டிலிருந்து ஆர்ம்வரை பெயிண்டால் கோடு போடுகிறார். அசைந்தால் கோடு உடையும். நான் இயற்பியல் படித்தவள். ஒன்று நகர்ந்ததா என்று சொல்ல ஒரு குறி வேண்டும் என்பதாவது நினைவிருக்கிறது. சிவப்பு நெயில் பாலிஷால், கைக்கு எட்டிய நட்டில் கோடு போட்டுவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

என் கட்டைவிரலில் சிவப்பைப் பார்த்துவிட்டார். "கல்யாணத்துக்கே நெயில் பாலிஷ் போடமாட்டேன்னவ. என்ன விசேஷம்? எங்க கிளம்புற?" கண்ணில் ஒரு மாதிரி பார்வை. நல்லது. சந்தேகம் என்றால் என்னவென்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

மார்ச் 27, வெள்ளி

கோடு உடைந்திருக்கிறது. நட்டில் பாதி, ஆர்மில் பாதி, நடுவில் அரை விரல் இடைவெளி.

தொட்டுப் பார்த்தேன். சுற்றியது. பாட்டில் மூடி மாதிரி, என் ரெண்டு விரலுக்கே.

அந்த ஸ்பேனர்! பாக்கெட்ல வச்சுக்கிட்டு அலையத் தெரியுது, ஒரு நட்டை இறுக்கத் தெரியலையா? என் குழந்தை உட்காருற வண்டிடா அது! அவரிடம் சும்மா சொன்னால் நண்பனை விட்டுக்கொடுக்க மாட்டார். நாளைக்கு அந்த மனிதன் வாயிலிருந்தே வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.

மார்ச் 28, சனி

மதியம், அவர் தூங்கும்போது, சமையலறையிலிருந்து ஸ்பேனருக்குப் போன் செய்தேன். நான் கத்தி முடித்ததும் பொறுமையாகச் சொன்னார்.

"அதை நான் இறுக்கக் கூடாது தங்கச்சி. நான் கையால லேசா திருகி விட்டாத்தான் அலைன்மெண்ட்காரர் திருப்பி அளவு வைக்க முடியும். வச்சிட்டு அவர் இறுக்கணும். அதான் முறை."

வீட்டில் அவர் ஆலை பஸ்ஸில் ஷிஃப்ட்டுக்குப் போனதும் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் கடைக்கு நடந்தே போனேன். சண்டைக்குத் தயாராகத்தான். அந்த அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க? இன்னும் நாலு நட்டு இறுக்கணும், பத்து நிமிஷம்னேன். 'வீட்டுக்காரருக்கே இதெல்லாம் தெரியும், சாயங்காலம் இறுக்கிப்பார், இறக்குங்க'ன்னீங்க. அரை மனசாத்தான் இறக்கினேன். தாள்லயே எழுதிக் குடுத்தேனே."

தாள் நாப்கின் பையில், நான் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. பச்சை எண்களுக்குக் கீழே, பேனாவில்: லாக் நட் நான்கும் இறுக்கவில்லை. இன்றே இறுக்கவும்.

நான் சொன்னதுதான். அந்தச் சொல்லும் குட்டியின் அழுகையும் இப்போது அப்படியே காதில் கேட்கின்றன. வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தாளைக் கேட்டீர்கள், "எல்லாம் பச்சை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பன்னிரண்டு நாள் அந்தச் சீட்டில் அவளை வைத்து நானே ஓட்டினேன்.

ஆமாம், இனி உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், மீதிப் பாதியில் உங்களையே குறை சொல்லிவிடுவேன். முந்தைய பக்கங்களைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. உங்களை என்னென்ன நினைத்தேன் என்பதையும் படித்துவிடுங்கள். ஸ்பேனர் அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஏழு மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். வேண்டாம். நாத்தனாரிடம் மத்தியானம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். முதலில் அலைன்மெண்ட் அண்ணன் கருவியோடு இங்கே வந்து அளவு பார்த்து நான்கையும் இறுக்கட்டும்; ஞாயிறானாலும் எட்டரைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். இறுக்கியதும் கோடு போட நெயில் பாலிஷ் மேஜையில் இருக்கிறது. கார் சாவியைத் தேடாதீர்கள், என் தலையணைக்கடியில் இருக்கிறது.

நோட்டை உங்கள் சாப்பாட்டுத் தட்டின் மேல் வைத்திருக்கிறேன். கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது, பேனா உள்ளேயே இருக்கிறது. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, நான் எழுவதற்குள் பதில் எழுதிவிடுங்கள்.