ட்ரக்டருக்கு ஒரு ஸ்னோ புளோவர்

2007 ஒக்ரோபர் 9, செவ்வாய்

இன்று என் மனுசன் யோசெப்பை இதய டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒப்பரேஷன் முடிந்து ஐந்து மாதமாகிறது. டொக்டர் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பித்தான் சொன்னார். பனி வழிக்கக் கூடாது. பனி அள்ளுகிற சவளைத் தொடவே கூடாது. குளிருக்குள் பாரம் தூக்கவோ இழுக்கவோ கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காரில் ஏறியதும், "அவவுக்கு என்ன தெரியும், சின்னப் பெட்டை" என்றார்.

இந்த ரொக்ஸ்பரோ வீட்டில் தெருவிலிருந்து பின் கராஜ் வரைக்கும் கார்ப்பாதை நீண்டு கிடக்கிறது. விடிய முதல் என் கார் வெளியே வந்தாக வேண்டும். முதியோர் இல்லத்தில் ஆட்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவது என் வேலை. நான் பிந்தினால் அவர்கள் ஈரத்தோடு கிடப்பார்கள். போன வருடம் பனி வழிக்க ஒருவனைப் பிடித்தோம். முழுக் காசையும் முதலே வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் மத்தியானம்தான் வந்தான்.

கராஜுக்குள் புல்லு வெட்டுகிற சின்ன ட்ரக்டர் நிற்கிறது. வீட்டை விற்றவர் விட்டுப்போனது. அதன் முன்னுக்கு, பனியை அள்ளி எறிகிற ஸ்னோ புளோவர் ஒன்று வாங்கிப் பூட்டலாம் என்றேன். "அது என்ரை வேலை. நீர் தலையைப் போடாதேயும்."

சரி. போடவில்லை.

ஒக்ரோபர் 13, சனி

தலையைப் போடாமல் இருந்ததற்கு நல்ல பலன்.

இவரும் இவருடைய கூட்டாளி கிறகரியும் செயின்ட்-மிஷேலுக்குப் போய், யாருடையதோ கராஜுக்குள் கிடந்த பழைய புளோவர் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கறள் பிடித்துச் சிவந்துபோய்க் கிடக்கிறது. வேறு கொம்பனி செய்தது. கிறகரி சொல்கிறார்: "தங்கச்சி, இரும்பு இரும்புதானே. ரெண்டு ஓட்டை போட்டாப் பூட்டலாம்."

அது இருக்கட்டும். வான் வண்டியிலிருந்து அதை இறக்கும்போது ஒரு பக்கத்தை இவர் தூக்கினார். நான் குசினி யன்னலால் பார்த்தேன். நெஞ்சைப் பிளந்து தைச்ச மனுசன்! மீன் வெட்டின கையோடை ஓடினன். "வையுங்கோ! கீழை வையுங்கோ!" கிறகரி பயந்துபோய்த் தன் பக்கத்தை விட்டுவிட்டார்.

"ஆக்களுக்கு முன்னாலை சத்தம் போடாதேயும்" என்றார் இவர்.

என்ன ஆக்கள்? கிறகரிதானே நின்றார்.

ஒக்ரோபர் 14, ஞாயிறு

பூட்டவில்லை. ஒரு துளையும் பொருந்தவில்லை. பெல்ட் போகிற பக்கமே மாறி.

இன்று பூசையில் பாதர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். எனக்கு முன் வாங்கில் கிறகரி. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே முழுப் பிரசங்கத்தையும் கேட்டேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

ஒக்ரோபர் 20, சனி

மகள் றொஷினி லொங்குய்யில் இருக்கிறாள். அவளுடைய வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, எங்களுடைய ட்ரக்டரைச் செய்த கொம்பனியின் சாமான் விற்கிற கடை இருக்கிறதென்று அவள்தான் கண்டுபிடித்தாள். மூன்று பேருமாகப் போனோம்.

விற்கிற பொடியன் இவரைப் பார்த்தே கதைத்தான். இவருக்குப் பிரெஞ்சு அரைகுறை. நான் பதில் சொல்வேன். அடுத்த கேள்வியை அவன் மறுபடி இவரிடமே கேட்பான். நான் என்ன, ரேடியோவா?

விஷயம் விளங்கியது. இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் முன்னால் சுழலுகிற இரும்புத் திருகு மட்டும்; அதுவே பனியை அள்ளி அதுவே எறியும். பாரம் குறைவு. மற்றதில் திருகு அள்ளிக் கொடுக்க, பின்னால் ஒரு விசிறி தூக்கி எறியும். பாரம் கூட, ஆனால் இறுகின பனியையும் உடைக்கும். நகரசபை வண்டி தெருவை வழித்துப்போகும்போது எங்களுடைய வாசலில் ஒரு மதில் கட்டிவிட்டுப் போகுமே, உப்பும் ஐஸும் மண்ணுமாக, அதற்கு இரண்டாவதுதான் சரி. நானும் அதைச் சொன்னேன். இவரும் அதையே சொன்னார். இந்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

பிறகு பொடியன் கேட்டான், புளோவரை நிலத்திலிருந்து மேலே தூக்குவது கைப்பிடியாலா, கரண்ட் மோட்டராலா? யார் ஓட்டப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றான்.

"நான்" என்றார் இவர். "நான்" என்றேன் நானும். இரண்டும் ஒன்றாகவே வந்தன. பொடியன் சிரித்தான்.

கடையில் பூட்டி நிறுத்தியிருந்த ட்ரக்டரில் ஏறி இருந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். ஒரு கையால் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், தோள்மூட்டு கழன்றதுபோல இருந்தது. "பாத்தீரே?" என்று இவர் சொல்லிக்கொண்டு தான் இழுத்துக் காட்டக் கை நீட்டினார். நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் — நகம் பதியப் பிடித்தேன்.

"இழுங்கோ. இழுத்துப்போட்டு இதிலையே விழுங்கோ. நான் திரும்பியும் பாராமப் போறன்."

அப்படிச் சொல்லிவிட்டேன். கடைக்குள். மகளுக்கு முன்னால்.

ஒன்றும் வாங்காமல் வந்தோம். 

ஒக்ரோபர் 21, ஞாயிறு

மோட்டர் வைத்துத் தூக்குகிறது பொம்பிளையளின்ரை சாமானாம். கிறகரி ரெலிபோனில் சொன்னாராம். இவர் எனக்கு வந்து சொல்கிறார்.

நவம்பர் 3, சனி

றொஷினியைக் கூட்டிக்கொண்டு போய் ஓடர் கொடுத்துவிட்டேன். விசிறி உள்ளது. தூக்குவதற்கு மோட்டர். பின் சில்லுகளுக்குச் செயின், பின்னுக்குப் பாரக்கல். முன்னுக்குப் பாரம் கூடினால் பின் சில்லு வழுக்குமாம். அதே பொடியன், "கணவர் வரவில்லையா?" என்று கேட்டான். "ஓட்டுகிற ஆள் வந்திருக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துக் கதைத்தான்.

குளிர்காலத்துக்கு முன் எல்லோரும் வாங்குகிறார்களாம், மாத முடிவில்தான் வருமாம்.

இவருக்குச் சொன்னேன். டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பர் 22, வியாழன்

இன்னும் கோபம் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

விடியக் கொட்டத் தொடங்கிய பனி. புளோவர் இன்னும் வரவில்லை. வேலைக்குப் போகும்போது பாதையில் கணுக்கால் அளவுதான், கார் போய்விட்டது. பின்னேரம் திரும்பி வந்து பார்க்கிறேன், பாதை முழுவதும் வழித்துக் கிடக்கிறது. கரை எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல நேர். யார் இப்படி நேராக வழிப்பார் என்று எனக்குத் தெரியும்.

குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்தார். சொண்டு நீலம். இடது கை நெஞ்சில்.

"கொஞ்சம்தான். பஞ்சு மாதிரிக் கிடந்தது."

நான் கத்தினது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேக்கட்டும்! பஞ்சாம். அந்தப் பஞ்சுக்காகவோ நான் இரவு பகலா உம்மைக் காத்தனான் எண்டு கேட்டன். நீர் எண்டுதான் வந்திது. இருபத்தெட்டு வருசத்திலை ஒருநாளும் அவரை நான் நீர் எண்டு கதைச்சதில்லை. அவர் தேத்தண்ணியைப் பாத்துக்கொண்டே இருந்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். மாட்டேன் என்றார். பக்கத்தில் கதிரையைப் போட்டு, சொண்டின் நிறம் மாறும் வரைக்கும் இருந்தேன்.

வீட்டில் இருந்த சவள் எல்லாவற்றையும் கார் டிக்கிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

நவம்பர் 25, ஞாயிறு

கதைப்பதில்லை. தேத்தண்ணி போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். குடிக்கிறேன். அவ்வளவுதான்.

டிசெம்பர் 1, சனி

கடையிலிருந்து இரண்டு பேர் வந்து பூட்டித் தந்தார்கள். புல்லு வெட்டுகிற தட்டைக் கழற்றி, சட்டம் பூட்டி, பெல்ட் மாட்டி, பனியை எறிகிற குழாய் எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் காட்டினார்கள். சுவிச்சை அமத்தினேன். அந்தப் பெரிய இரும்பு நாய்க்குட்டி மாதிரி மேலே எழும்பியது. நான் சிரித்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். யன்னலில் இவர் நின்றார். திரையை இழுத்து மூடினார்.

நல்லது. மூடுங்கோ.

டிசெம்பர் 3, திங்கள்

நிறையக் கொட்டியது. முதல் தரம் ஓட்டினேன். பாதிப் பனியைப் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே எறிந்தேன். மீதியைக் காற்று என் முகத்திலேயே கொண்டுவந்து கொட்டியது. ஆனால் கார் வெளியே வந்தது. வேலைக்கு நேரத்துக்குப் போனேன்.

அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. வெறுப்பாகக் கிடக்கிறது. பாராட்டுக்காகவா செய்தேன்? இல்லை. பிறகு ஏன் எரிகிறது?

டிசெம்பர் 16, ஞாயிறு

இன்று பூசைக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். இப்படியொரு புயல். எதிர் வீடு தெரியவில்லை. பிறகுக்கு விட்டால் இறுகிவிடும் என்று மத்தியானம் நானே இறங்கினேன்.

பாதை நன்றாகப் போனது. வாசலில்தான் பிரச்சினை. நகரசபை வண்டி கட்டிவிட்டுப்போன மதில், உப்புப் பட்டு நனைந்து களிபோலக் கிடந்தது. அதற்குள் விட்டேன். குழாய் அடைத்துவிட்டது. புளோவரின் சுவிச்சை நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கிப் போய்க் குழாய்க்குள் கையை விட்டேன்.

"கையை எடு! றோசலின்! கையை எடு!"

வீட்டுச் செருப்போடு, கோட்டும் இல்லாமல், முழங்கால் பனிக்குள் ஓடி வருகிறார். ஓடுகிறார்! நான் கையை எடுத்தது பயத்தில் இல்லை, அவரைத் தடுக்கத்தான். வந்தவர் முதலில் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி கொண்டுவந்திருந்தார். அதைக் குழாய்க்குள் விட்டு ஒரு குத்துக் குத்தினார். எஞ்சின் நின்ற பிறகும், உள்ளே இறுகிக் கிடந்த விசிறி ஒரு தரம் துள்ளியது. தடியின் நுனி முறிந்து பனியில் விழுந்தது.

என் கையுறையைப் பார்த்தேன். அதற்குள் ஐந்து விரலும் இருந்தன.

"முந்தி வேலை செய்த தையல் பக்டரியிலை ஒரு இத்தாலிக்காரியின்ரை கை போனதை நான் கண்ணாலை கண்டனான்" என்றார். பல்லு அடித்தது. "யன்னலுக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறது என்னெண்டு உமக்குத் தெரியுமே?"

"தெரியும்" என்றேன். "மே மாசம் முழுக்க ஆஸ்பத்திரி வாங்கிலை இருந்து நான் பாத்தனான்தானே."

பனிக்குள் நின்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் மீசையெல்லாம் வெள்ளை. நான் என் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டேன். பிடித்து உள்ளே தள்ளினேன். தள்ளினதுதான், மெல்லமாக இல்லை.

பின்னேரம் வந்து மீதியையும் நானே வழித்தேன். அடைத்தபோதெல்லாம் எஞ்சினை நிறுத்தி, தடியால் குத்தி.

2008 ஜனவரி 6, ஞாயிறு

கிறகரி வந்தார். தன் பழைய புளோவரைக் கராஜிலிருந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இவர் குறுக்கே வரவில்லை. ஆனால் ஏற்ற உதவிக்கும் போகவில்லை, கதிரையிலேயே இருந்தார். கிறகரி தன் மருமகனைக் கூப்பிட வேண்டி வந்தது. நான் இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதுதான்.

பெப்ரவரி 2, சனி

மறுபடியும் சண்டை. குழாயை நான் திருப்புகிற விதம் பிழையாம். காற்றைப் பார்த்துத் திருப்ப வேணுமாம். ஓட்டுகிறவர் நீங்களா நானா என்று கேட்டேன். "நீர்தான். அதுக்காகக் காத்து மாறி அடிக்குமே?" என்றார்.

காற்றைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். அவருக்குச் சொல்லமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் தொடங்கி இன்று விடியும் வரை கொட்டியிருக்கிறது. பாதைக்கு இரண்டு பக்கமும் பனி என் தலைக்கு மேலே நிற்கிறது, எறிய இடமில்லை. துண்டு துண்டாக, முன்னுக்கும் பின்னுக்குமாக, பகல் முழுவதும் ஓட்டினேன். இவர் தெருவோரம் கோட்டும் தொப்பியுமாக நின்று, நான் பின்னுக்கு வரும்போது கார் வருகிறதா என்று பார்த்துக் கை காட்டினார். குளிர் கூடியதும் நான் சொல்லாமலே உள்ளே போனார். பிறகு வந்தார்.

முடித்து உள்ளே வந்தபோது விரல்கள் மடங்கவில்லை. கதவடியிலேயே இருந்துவிட்டேன். சப்பாத்துக் கயிறு முழுவதும் ஐஸ். இவர் ஒரு சின்ன ஸ்டூலைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார். முடிச்சை நகத்தால் நோண்டினார், அவிழவில்லை. குனிந்து வாயால் ஊதினார். எவ்வளவு நேரமென்று தெரியாது. கடைசியில் ஒரு சப்பாத்துக் கழன்றது. உள்ளே போட்டிருந்த கால்மேசும் நனைந்திருந்தது. அதையும் உருவிப் போட்டுவிட்டுப் பாதத்தை இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார்.

"இன்னும் கோவமோ?" என்றார், நிமிராமல்.

"ஓம்" என்றேன்.

"சரி. மற்றக் காலைத் தாரும்."

கொடுத்தேன்.