பெயரில்லாத பதினோரு பட்டன்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா, இல்லை இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறாளா, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரமாக ஏய்க்கிறார். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், இளகக் கூடாது என்றுதான் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். கணினி எழுத்துக்கு எழுத்து வாசித்துக் காட்டுகிறது, அப்பா பிரின்ட் எடுத்து உறையில் போடுவதோடு சரி, ஒரு வரிகூட அவர் சொல்லிக் கொடுத்தது இல்லை.

முந்தாநாள் அவர் எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அவர் சொன்னது பாதி, மீதியை நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் முன்பதிவு மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், கண் தெரியாதவள் என்று யாரும் சலுகை காட்டியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. கணினியில் முன்பதிவு செய்யும் பழைய பக்கம் பார்க்க அசிங்கம் என்பார்கள், எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மவுஸை நான் தொட்டதே கிடையாது, ஹெச் தட்டினால் அடுத்த தலைப்பு, ஈ தட்டினால் எழுதும் கட்டம், பி தட்டினால் பட்டன், ஒவ்வொன்றையும் கணினி காதில் சொல்லிக்கொண்டே வரும், நோயாளி போனில் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேதி போட்டுக் கொடுத்துவிடுவேன். இந்த மாதம் முதல் வாரம் புதுப் பக்கம் வந்தது. சீ என்று ஆகிவிட்டது. ஹெச் தட்டினால் தலைப்பே இல்லை என்கிறது, கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் அது தலைப்பு ஆகிவிடும் என்று எவனோ நினைத்திருக்கிறான். பி தட்டினால் பட்டன் என்கிறது, இன்னொரு தரம் தட்டினால் மறுபடியும் பட்டன், எதற்கான பட்டன் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. பதினோரு பட்டன், எண்ணிவிட்டேன். அப்பா ஒரு நாள் வந்து பார்த்துச் சொன்னார், ஒவ்வொன்றிலும் அழகாகக் குட்டிப் படம் இருக்கிறதாம், பென்சிலாம், கடிகாரமாம், குப்பைத் தொட்டியாம். இதற்கு நடுவில் மேலே ஒரு விளம்பரம் ஐந்து நொடிக்கு ஒருமுறை மாறி, உங்கள் நலமே எங்கள் மூச்சு என்று காதில் குறுக்கே கத்துகிறது. 

சரி தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டன்களை மனப்பாடம் செய்தேன். பெயர் எழுதும் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். திரையை வாசித்துச் சொல்லும் என் மென்பொருளில் இரண்டு நிலை உண்டு என்று உனக்குத் தெரியும். வாசிக்கும் நிலையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு குறுக்குவழி, கட்டத்துக்குள் நுழைந்ததும் டொக் என்று ஒரு சத்தம் கேட்கும், அதன் பிறகுதான் அடிப்பது எழுத்தாக விழும். புதுப் பக்கத்தில் சில கட்டங்கள் பார்வைக்கு மட்டும்தான் கட்டம், மென்பொருளுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு காதில் போன், இன்னொரு காதில் கணினி, டொக் கேட்டதா என்று கவனிக்காமல் போனில் இருந்தவரின் பெயரை ஆங்கிலத்தில் மளமளவென்று அடித்தேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. பெயர் எங்கும் விழவில்லை, அதிலிருந்த பி என்ற எழுத்து என்னைக் கொண்டுபோய் ஒரு பட்டனில் நிறுத்தியது, நான் என்டரைத் தட்டினேன். அதுதான் குப்பைத் தொட்டி. நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ரத்து ஆகிவிட்டது என்று சொல்லவும் இல்லை. அப்போது திறந்திருந்தது ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் குடலிறக்க ஆபரேஷன் பதிவு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வெறும் வயிற்றோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பட்டியலில் பெயர் இல்லை, முந்தின நாள் என் மேசையிலிருந்து ரத்தானதாகக் கணினி காட்டியது. பதினோரு மணி வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பதினெட்டு நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். நான் எழுந்துபோய் என்னால்தான் ஆயிற்று என்று சொன்னேன். மகள் சண்டைக்கு வந்தாள், அவர் அவளை அடக்கி, விடும்மா, பாவம், கண்ணு தெரியாதவங்க, அவங்க என்ன பண்ணுவாங்க என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். பிற்பகல் கண்காணிப்பாளர் கூப்பிட்டு, ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்க வாசல் மேசைக்குப் போயிடுங்கம்மா, வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னா போதும், உங்களுக்கும் ரெஸ்டா இருக்கும் என்று தேன் ஒழுகச் சொன்னார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் கேட்டேன். கன்ட்ரோல் விசையையும் எண்ட் விசையையும் சேர்த்துத் தட்டினால் பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போய்விடலாம், கண் உள்ளவர்கள் யாரும் படிக்காத இடம். வடிவமைப்பு என்று சொல்லி உன் கம்பெனி பெயரைச் சொன்னது. நாலு தடவை திரும்பக் கேட்டேன். போன வருஷம் நீ போனில் துள்ளியது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிங்களுக்கு ஒரு முன்பதிவுப் பக்கம்மா, முழுக்க என் கையால பண்ணது, பாத்தவங்க எல்லாம் அசந்துட்டாங்க என்றாய். கீபோர்டில் ஓடுமாடா என்று கேட்டதற்கு, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, அப்படி யூஸ் பண்றவங்க ரொம்பக் கம்மி என்றாய். அந்தக் கம்மியில் உன் அம்மா இருக்கிறாள் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். எட்டு வயதில் உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு, சோப்புத்தூளுக்கு மூன்று என்று நீயாகவே மாட்டி வைத்தாய், யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கைதான் இதையும் செய்தது என்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு எழுதக்கூடாத வார்த்தை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அதைவிட மோசம் நீ அப்பாவிடம் சொன்னது. முன்னாடியே சொல்லியிருந்தா அம்மாவுக்குன்னு தனியா ஒரு பக்கம் பண்ணிக் கொடுத்திருப்பேனே என்றாயாம், அவருக்கு ஒரே பூரிப்பு. எனக்கு அது வேண்டாம். உன் பக்கத்தை எத்தனை ஆஸ்பத்திரி வாங்கியதோ அத்தனையிலும் என்னைப்போல் ஒருத்தரோ இரண்டு பேரோ மேசையைக் காலி செய்யப்போகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் யாரும் உன் கம்பெனியில் இல்லை. அதனால் பூசி மெழுகாதே. பட்டனுக்குப் பெயர் வை, கட்டத்தைக் கட்டமாகச் செய், ரத்து செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேள். உன் மேலாளரிடம் போய் எங்கம்மா கஷ்டப்படுறாங்க என்று ஆரம்பிக்காதே, டிரைவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்ததைச் சொல். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் பக்கத்தில் ஒரே ஒரு முன்பதிவு செய். குழந்தையின் பெயரிலேயே போடு, எந்தப் பட்டனில் போய் நிற்கிறாய் என்று உனக்கே தெரியும். அதைச் செய்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே, செய்தாலும் எடுக்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் இதை மறைக்காதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், அந்த வேண்டுதலில் ஒரு மாற்றமும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
முன்பதிவு மேசை,
இந்த மாதம் முப்பதாம் தேதி வரை.