தேவாவுக்கு மட்டும் ரெண்டு பங்கு

மே 12, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சர்ச் விட்டு வந்து கோழிக் குழம்பு. தேவாவுக்கு வீடியோ கால். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மதியம் அவர் கப்பலில், நான் சித்தூரில், போனைச் சாய்த்து வைத்துச் சேர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். இன்றைக்கும் அவர் சாப்பிடவில்லை.

"அப்பவே துன்னுட்டேன். நீ துன்னு."

ஒரு மாதமாக இதே பதில். முகம் மட்டும்தான் காட்டுகிறார். பின்னால் பச்சைத் திரை. கப்பல் ரூமில் ஏது திரை? கேட்டால், "புதுசா மாட்டிக்கிறாங்க." பொய்.

மே 14, செவ்வாய்

ஜூஸ் ஃபேக்டரியில் மாங்காய் லோடு மேல் லோடு. கையெல்லாம் பால் பட்டு அரிப்பு. டீ நேரத்தில் சுகுணா போன், வரதய்யபாளையத்திலிருந்து. அவள் வீட்டுக்காரர் தேவாவின் கப்பலில் சமையல்.

"அக்கா, நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோன கப்பல நம்ம ஆளுங்க கயிறு கட்டி இஸ்துக்கினு வந்தாங்களே, அதுக்கு சட்டப்படி பரிசுப் பணம் வருதாம். மனுசனக் காப்பாத்துனதுக்கு இல்லியாம், கப்பலு, சரக்கு தப்பிச்சதுக்குத்தானாம். கேப்டன் பங்கு எழுதிட்டாராம். எல்லாருக்கும் ஒண்ணு, அண்ணனுக்கு மட்டும் ரெண்டு."

"அவருக்கு ஏன் ரெண்டு?"

"அண்ணன் சொல்லலியா?" உடனே, "குக்கர் விசில் அடிக்குதுக்கா" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு என்ன குக்கர்?

சூப்பர்வைசர்: "சாலும்மா போனு, லோடு ஒச்சிந்தி." போன் போதுமாம், லோடு வந்துவிட்டதாம்.

மே 15, புதன்

வேலை ஓடவில்லை. எனக்குத் தெரிந்தவை:
– கப்பலை இழுத்த கதையே என்னிடம் சொல்லவில்லை.
– மெசேஜ் டைப் பண்ணுவதில்லை. எல்லாம் வாய்ஸ்.
– பச்சைத் திரை.
– நேற்று பேசும்போது பின்னால் ஒரு பெண் குரல், இங்கிலீஷில். சட்டென்று கட் பண்ணிவிட்டார்.

பணம் போகட்டும். யார் அவள்? அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

அரிசி, சோப்பு, கேஸ் புக்கிங்.

மே 17, வெள்ளி

நேராகவே கேட்டுவிட்டேன். "ரெண்டு பங்கு எதுக்கு?"

"யாரு சொன்னது?" என்றார். மாட்டிக்கொண்டவன் கேட்கிற கேள்வி.

"ஊருக்கு வந்துக்கினே இருக்கேன். வந்து சொல்றேன்."

கான்ட்ராக்ட் முடிய மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் எதற்கு வருகிறார்?

மே 19, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மதியம் சென்னை பஸ்ஸில் வந்து இறங்கினார். இளைத்திருந்தார். தோளில் பை, வலது கை பேன்ட் பாக்கெட்டில். வீட்டுக்குள் வந்த பிறகும் எடுக்கவில்லை. நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டேன், கோழிக் குழம்பு ஊற்றினேன், எதிரில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதெல்லாம் வாயில் தயார்.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் துன்னுட்டீங்களா?" குத்தலாகத்தான் கேட்டேன்.

"ஸ்பூன் இருந்தா குடு."

கையை வெளியே எடுத்தார். நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. இழுக்கிற கயிறு அறுந்து அடித்ததாம். இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருந்திருக்கிறார். பச்சைத் திரை அங்கே. அந்தக் குரல் நர்ஸ்.

"விரலுக்கு ஒரு பங்குன்னு வெச்சிக்கோ" என்று சிரிக்கப் பார்த்தார்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். வீட்டில் நாலு ஸ்பூன் இருக்கிறது. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.